லீட்ஸில் பிறந்த வெளிநாட்டு வீரன்

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், பக்கத்து வீட்டுப் பெரியவர் வாழ்த்து அட்டையும் கம்பளிக் குல்லாயுமாக வாசலில் நின்றார். எடை என்ன, யார் சாயல் என்று எதுவும் கேட்கவில்லை. "லீட்ஸில்தானே பிறந்தான்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ யார்க்ஷயருக்குக் கிரிக்கெட் ஆடலாம்." சொன்னவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்காக எங்கள் குடும்பத்தில் நடந்த வாக்குவாதமே பிள்ளை எங்கே பிறப்பது என்பதுதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் பாளையங்கோட்டையில் மறுபேச்சு கிடையாது. என் அக்காவுக்கு வளைகாப்பு முடிந்த கையோடு வீட்டு நடு அறையைக் காலி செய்து கட்டிலைப் போட்டார்கள். நான் இங்கே இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். விடுப்புக் கணக்கும், இத்தனை வாரத்துக்குமேல் விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்கிற கணக்கும் ஒத்துவரவில்லை. அம்மாவுக்கு விசாவும் நேரத்துக்கு வரவில்லை.

பிறந்த கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தட்டில் வெண்ணெய் தடவிய இரண்டு டோஸ்ட் வந்தது. கூடவே பால் டீ, ஒரு ஜாடி நிறைய ஐஸ் தண்ணீர். உளுந்தங்களியும் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் வரவேண்டிய இடம். "பச்ச உடம்புக்கு ஐஸ் தண்ணியா கொடுக்காவ?" என்று வீடியோவில் அம்மா கேட்டதற்கு, நானே நர்ஸாக இருந்தும் பதில் சொல்லத் தெரியவில்லை. டோஸ்ட் அன்றைக்கு அமிர்தமாக இருந்தது என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

பெரியவர் சொன்னது வேடிக்கையில்லை என்று என் வீட்டுக்காரர்தான் விளக்கினார். அவருக்குக் கிரிக்கெட் என்றால் சாப்பாடு வேண்டாம். 1992 வரை யார்க்ஷயர் மண்ணில் பிறந்தவன்தான் யார்க்ஷயருக்கு ஆட முடியும். கவுண்டி என்றால் இங்கே மாவட்டம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரிக்கெட் அணி; யார்க்ஷயரும் அதில் ஒன்று. மற்ற கவுண்டிகள் 1968 முதலே மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் போன்றவர்களை வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொண்டபோதும் இவர்கள் அசையவில்லை. மாசமாக இருக்கும் பெண்களைப் பிரசவத்துக்கு எல்லை தாண்டிச் சொந்த மண்ணுக்கே கூட்டிவந்த கதைகளை இங்கே பெருமையோடு சொல்வார்கள். கேட்டதும் எனக்கு இந்த ஊர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களிலும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்கிற கூட்டம் இருக்கிறதே! பல ஆண்டுகள் அந்த அணிக்குத் தலைவராக இருந்த ஹாக் பிரபு லிங்கன்ஷயரில் பிறந்தவர் என்பதைப் பெரியவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரர் எச்சரித்திருக்கிறார்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்த முதல் வெளிநாட்டு வீரர் நம் சச்சின். அப்போது 19 வயது. அழைத்தது ஆஸ்திரேலியாவின் மெக்டெர்மட்டை. அவருக்குக் காயம், அந்த இடத்துக்கு இவர். கதவு திறந்ததால் உள்ளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2021இல் யார்க்ஷயருக்கு ஆடிய அஸீம் ரஃபீக் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, இதே கிளப்பில் இனவெறியால் பட்ட அவமானங்களைச் சொன்னதை டிவியில் பார்த்தேன். அன்று இரவுப் பணிக்குப் போகவே மனசில்லை.

இனி என் புகாருக்கு வருகிறேன். என் மகன் லீட்ஸில் பிறந்தான், பிறப்புச் சான்றிதழிலும் லீட்ஸ்தான். ஆனால் அவன் பிரிட்டிஷ்காரன் இல்லை. இந்த நாட்டில் பிறந்தாலே குடியுரிமை என்பது 1983 தொடக்கத்தோடு முடிந்துபோன கதை. அப்பா, அம்மா இருவருமே வேலை விசாவில் இருந்தால் பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான். இங்கிலாந்துக்கு ஆட பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்துக் குடியுரிமை வேண்டும். கவுண்டியில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்பதற்கும் ஏறக்குறைய அதுதான் அளவுகோல். பழைய யார்க்ஷயர் சட்டப்படி இவன் அசல் மண்ணின் மைந்தன். இன்றைய சட்டப்படி, ஓர் ஆட்டத்தில் இரண்டே பேருக்கு இடமுள்ள வெளிநாட்டுக் கணக்கில் வருவான். "அங்கனயே பொறந்தவன் எப்படிட்டி வெளிநாட்டுக்காரன் ஆவான்?" என்கிறாள் அம்மா. எனக்கும் அதே கேள்விதான்.

ஒரு காலத்தில் வெளிநாட்டு வீரர்களுக்குப் பக்கவாசல் ஒன்று இருந்தது. கோல்பாக் என்ற ஸ்லோவாக்கிய ஹேண்ட்பால் கோல்கீப்பர் ஜெர்மனியில் வழக்குப் போட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தமுள்ள நாட்டுக்காரரை வெளிநாட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2003இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். கிரிக்கெட் மட்டையைத் தொட்டாரோ என்னவோ, அவர் பெயரைச் சொல்லித் தென்னாப்பிரிக்கர்கள் வரிசையாக வந்து கவுண்டிகளில் உள்ளூர்க்காரர்களாக ஆடினார்கள். பிரெக்ஸிட்டோடு, 2020 முடிவில் அந்த வாசலையும் சாத்திவிட்டார்கள். இங்கிலாந்துக்கு ஆட ஏழு வருஷம் இங்கே குடியிருக்க வேண்டும் என்றிருந்ததை 2019இல் மூன்றாகக் குறைத்தார்கள். பார்படாஸில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சர் உலகக் கோப்பைக்குள் வந்துவிட்டார். அவருக்கு அப்பா வழியில் குடியுரிமை இருந்தது, அது நியாயம்தான். ஆனால் நர்ஸுக்கு நிரந்தர வசிப்புரிமை ஐந்து வருஷத்தில் என்று சொல்லி அழைத்துவிட்டு, 2025இல் அதைப் பத்தாக்கலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். பந்து போடுகிறவருக்கு வருஷம் குறைகிறது, ஊசி போடுகிறவளுக்குக் கூடுகிறது!

மற்றபடி எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. பஸ் டிரைவர் 'லவ்' என்று கூப்பிட்டால் திடுக்கிடுவதில்லை. நாலு மணிக்கே இருட்டுகிற டிசம்பரும் பெரிதாக உறுத்துவதில்லை. ஆனால் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கக் காலை நீட்டி உட்கார்ந்தால் போதும், ஆச்சி வந்துவிடுகிறாள். கிணற்றடியில் கால்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, மூக்கை நீவி, வெந்நீரை ஊற்றி, கடைசியில் சாம்பிராணிப் புகை காட்டுவாள். இங்கே சாம்பிராணி போட்டால் புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்தால் குளிர். புகை இல்லாமலே குளிப்பாட்டி எடுக்கிறேன்.

2025 கோடையில் யார்க்ஷயர், ருதுராஜ் கெய்க்வாடை ஒப்பந்தம் செய்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் கேப்டன் எங்கள் கவுண்டிக்கு ஆடப்போகிறார் என்றதும் வீட்டுக்காரர் ஸ்கார்பரோ ஆட்டத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார். ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால், சொந்தக் காரணங்களால் ருதுராஜ் வரவில்லை என்று செய்தி. டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று புளியோதரையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினோம்.

எதிரணி சர்ரே. அதில் நம் சென்னைப் பையன் சாய் கிஷோர். இரண்டே ஆட்டத்துக்கு வந்திருந்தார். சுற்றிலும் யார்க்ஷயர் சின்னமான வெள்ளை ரோஜா போட்ட தொப்பிகள். யாருக்குக் கைதட்டுவது? அவர் பந்தைக் கையில் வாங்கியதும் வீட்டுக்காரருக்கு யார்க்ஷயர் மறந்துபோனது. "சாய், நல்லா சுத்தி விடுப்பா!" என்று எழுந்து நின்று கத்தினார். முன்வரிசைத் தாத்தா ஒருவர் மெதுவாகத் திரும்பி, எங்களைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அவன் தலையில் வெள்ளை ரோஜாக் குல்லாய். "இவன் லீட்ஸில் பிறந்தவன்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் உடனே நகர்ந்து எங்கள் சாப்பாட்டுப் பைக்கு இடம்விட்டார்.

ஆட்டம் பார்த்துவந்த ஜோரில், கடையில் ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இடக்கையா வலக்கையா என்று வீட்டுக்காரர் தினமும் உற்றுப் பார்க்கிறார். அவன் இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக் கடிக்கிறான்.