மணப்பாட்டில் ஒரு 'வேணும்'

அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் திருவிழாவுக்குப் போகாமல், தை மாதத்தில் ஒரு வாரநாளாகப் பார்த்து மணப்பாட்டுக்குக் கிளம்பினோம். செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளன்று அங்கே கோயில் இருக்கும் மணற்குன்றில் கால் வைக்க இடம் கிடைக்காது. திருச்செந்தூரில் இறங்கி, குலசேகரன்பட்டினம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்ததும் செபமாலையை எடுத்துவிட்டாள். என் கைப்பையில் இருந்தது செபமாலை இல்லை, ஒரு சீட்டு. மகளுக்குக் கல்லூரி இடம், வீட்டுக்கடன், ஏழு மாதமாகப் பேசாத அண்ணன் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். நேர்ந்துகொள்ள வந்தவள் பாதியை மறந்துவிடக் கூடாதே!

ஊருக்குள் நுழைந்ததும் பழைய பெரிய வீடுகள். அவற்றைத் தாண்டினால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றும், அதன் உச்சியில் வெள்ளையாகத் திருச்சிலுவை ஆலயமும். புயலில் தப்பிய போர்ச்சுகீசியக் கப்பல்காரர்கள் ஒடிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார்கள் என்பது ஊர் வழக்கு. கோயில் 1581-ல் எழுந்தது. அம்மா நாலு எட்டு நடந்து, நின்று, மூச்சு வாங்கி ஏறினாள். காற்று சேலையை இழுத்துக்கொண்டு போனது. உள்ளே கூட்டமே இல்லை. பீடத்தின் முன் மண்டியிட்டுச் சீட்டை விரித்தேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா அசையாமல் இருந்தாள். நான் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

குன்றின் கடல் பக்கத்தில், இந்தக் கரையில் கிறிஸ்தவம் போதித்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அலைச்சத்தம் வெளியிலேயே நின்றுவிட்டதுபோல ஓர் அமைதி. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு நன்னீர்க் கிணறும் அங்கே உண்டு. அம்மா ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள்.

சவேரியார் 1542 கடைசியில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர்களுக்கோ, அதாவது இந்தக் கடற்கரை மக்களுக்கோ, ஒரு செபமும் தெரியாது. தமிழும் போர்ச்சுகீசும் தெரிந்த சிலரை உட்கார வைத்து, பல நாள் பாடுபட்டு, எதை நம்புகிறோம் என்று சொல்லும் விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழாக்கினார்கள். அவர் அதை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் அடித்தபடி போவாராம். சிறுவர்களும் பெரியவர்களும் கூடுவார்கள். நாளுக்கு இரண்டு தடவை பாடம், ஒரு மாதம் முழுக்க. படித்ததைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்துக்கொண்டு தினமும் சொல்ல வேண்டும். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்', 1578-ல் கொல்லத்தில் வெளிவந்த 16 பக்கங்கள், அதுவும் இந்தக் கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் தந்த செப, உபதேசப் புத்தகம்தான். ஆனால் அதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்பே செபம் வாய்வழியாக வீடுகளுக்குள் போய்விட்டது.

சவேரியார் செய்வித்த அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்திருந்தது. அதே 1544-ல் தன் கூட்டாளி மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே அதைத் திருத்துகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லி வருகிறீர்களே, அந்த 'வேணும்' வேண்டாம், 'விசுவாசம்' என்று மாற்றுங்கள். முதலாவதற்கு 'விரும்புகிறேன்' என்றல்லவா பொருள், நமக்கு வேண்டியது 'நம்புகிறேன்' என்பதல்லவா என்கிறார். அதாவது மாதக்கணக்கில் இந்தக் கடற்கரைக் குடிசைகளில் காலையும் மாலையும் ஜனங்கள் கடவுளை நோக்கி 'எனக்கு வேணும்' என்று சொல்லியிருக்கிறார்கள்!

குகை வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். மடியில் சீட்டு இருந்த குற்ற உணர்வு எனக்கு. அவள் சிரித்துவிட்டாள்.

"இதுல என்னட்டி தப்பு? பச்சப்புள்ள முதல்ல பேசப் படிக்கதே வேணும், வேண்டாந்தான?"

"அப்ப நீங்களும் கேப்பீங்களாம்மா?"

"தெனமும் கேப்பேன். கேட்டு முடிஞ்ச பெறகும் அம்பத்து மூணு மணி இருக்கே."

செபமாலையில் 'அருள்நிறைந்த மரியே' என்று தொடங்கும் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லும் மணிகள் 53. எங்கள் வீட்டில் இரவு ஏழரைக்குக் குடும்ப செபம். மின்சாரம் போனாலும் உண்டு, விருந்தாளி வந்தாலும் உண்டு. மூன்றாம் காரணிக்கத்தில், அதாவது மூன்றாவது பத்து மணியில், அண்ணன் தூங்கி விழுவான், அவனை நான் கிள்ளுவேன். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி மட்டும் புதிய வார்த்தைகளுக்கு மாறவே இல்லை. நாங்கள் 'அருள்நிறைந்த மரியே' என்றால் அவள் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று அரை அடி பின்னால் வருவாள். அந்தச் சொல்லுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியுமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கல்யாணமாகி வந்தபின் எனக்கு அந்த ஏழரை மணி கைவிட்டுப் போயிற்று. நெருக்கடி வந்தால் நேர்ச்சை, அது தீர்ந்தால் மெழுகுவர்த்தி, அடுத்த நெருக்கடி வரை விடுமுறை. வேளாங்கண்ணி, பூண்டி, உவரி என்று நான் போன ஊர்களின் பட்டியல் அம்மாவுடையதைவிட நீளம். ஆனால் கேட்டு முடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்க அவளுக்குத்தான் தெரிகிறது. எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை.

கீழே இறங்கி, வெயில் தாழும்வரை மணலில் இருந்தோம். படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது ஆறு மணி. கோயில் மணி அடித்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். காலை, மதியம், மாலை மணி அடிக்கும்போது சொல்லும் திரிகால செபம். 'ஆண்டவருடைய தூதர்' என்று அவள் தொடங்க, பதில் வரியை நான் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமோ ஆகிவிட்டது, மறந்திருக்கும் என்று நினைத்தேன். நாக்கு தானாகச் சொன்னது.

மூன்றாவது மங்கள வார்த்தையின் நடுவில் பேருந்து வந்துவிட்டது. மீதியை ஏறி நின்றுகொண்டே சொன்னோம். கண்டக்டர் சில்லறை கேட்டார். அம்மா கண்ணைத் திறக்காமல் என் பக்கம் கையை நீட்ட, பைக்குள் சீட்டுக்கு அடியில் கிடந்த காசைத் துழாவி எடுத்தேன்.