வேனின் வயதும் சான்றிதழின் வயதும்

சிங்கப்பூரில் சரக்கு வேன் வாங்கும்போது, விலையில் பாதிக்கு மேல் வாகன உரிமைச் சான்றிதழுக்கே போய்விடுவதுண்டு. பத்து ஆண்டுகளுக்கான அனுமதி அது. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதன் காலம் கரைந்துகொண்டே இருக்கும். தேய்மானம், அதாவது சொத்தின் விலையை அது பயன்படும் ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவது, பற்றிப் பேசும் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடியுமுன் காய்கறி ஏற்றி, சிராங்கூன் சாலைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் கணக்கைப் பார்க்கிறேன். ஈரக் கீரை மூட்டைகளின் நீர் சொட்டிச் சொட்டி வேனின் தரைத் தகடு எப்போதோ துருவேறிவிட்டது. ஓடிய தூரத்தை ஓட்டுநர் ஒரு கோடு போட்ட நோட்டில் தினமும் குறித்துவைப்பார். எனக்கு அது பொக்கிஷம்.

சான்றிதழும் சேர்த்து வேனின் விலை 100,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிக்கும் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 10,000. ஒவ்வோர் ஆண்டும் மீதமுள்ள மதிப்பில் ஒரு விழுக்காட்டைக் கழிக்கும் குறைந்து செல் மதிப்பு முறையில் 20 விழுக்காடு என்றால் முதல் ஆண்டு 20,000, அடுத்து 16,000, பிறகு 12,800. இந்த எண்களைப் பார்த்த முதலாளி, "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது தம்பி, முதல் ஆண்டிலேயே ஏன் இருபதாயிரம் கழிக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மூன்றாவது, ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கழிக்கும் பயன்பாட்டு முறை. 400,000 கிலோமீட்டர் ஓடும் என்று மதிப்பிட்டால் கிலோமீட்டருக்கு 25 காசு. 2020 ஏப்ரல், மே மாதங்களில் கிருமிப் பரவல் கட்டுப்பாடுகளால் உணவகங்களில் அமர்ந்து உண்ணத் தடை இருந்தது. அதுபோன்ற மாதங்களில் ஓட்டம் சுருங்கும். இம்முறையில் தேய்மானமும் சுருங்கிவிடும். சான்றிதழின் நாட்களோ வழக்கம்போல் கழிந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களின் லாபம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

"அண்ணே, சான்றிதழை வேறாகவும் வண்டியை வேறாகவும் தேய்ப்போம்" என்றேன். ஒரு சொத்தின் முக்கியப் பகுதிகளைத் தனித்தனியே தேய்மானம் செய்வதை கணக்கியல் விதியான நிதி அறிக்கைத் தரநிலை 16 ஏற்கிறது. சான்றிதழ் 70,000, ஆண்டுக்கு 7,000. வண்டி 30,000, கிலோமீட்டருக்கு ஏழரைக் காசு. ஆண்டில் 60,000 கிலோமீட்டர் ஓடினால் 4,500. ஆக மொத்தம் 11,500. நோட்டைப் பக்கத்தில் வைத்து விளக்கியதும் அவர் தலையசைத்தார்.

வரிக்கணக்கு வேறு வழியில் போகும். நாம் எந்த முறையில் கழித்தாலும் உள்நாட்டு வருவாய் ஆணையம் அந்தத் தேய்மானத்தை ஏற்காது; அதை லாபத்தில் திரும்பச் சேர்த்துவிட்டு, அதற்குப் பதிலாக வரிக்கணக்கில் அனுமதிக்கப்படும் கழிவான மூலதனச் சலுகையைக் கோர வேண்டும். சரக்கு வேனை மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காகக் கழிக்கலாம். 'எஸ்' எழுத்தில் தொடங்கும் பதிவெண் கொண்ட தனியார் காருக்கு அந்தச் சலுகையே கிடையாது. கார் வாங்க ஆசைப்படும் சிறு வணிகர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வண்டியின் பயன்படு ஆயுளையும், அதன் முடிவில் விற்றால் கிடைக்கக்கூடிய எஞ்சிய மதிப்பையும் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் மறுபடி பார்க்கிறோம். மதிப்பீடு மாறினால் இனிவரும் ஆண்டுகளுக்கே மாற்றம்; பழைய கணக்கில் கை வைப்பதில்லை. பத்தாம் ஆண்டில் சான்றிதழைப் புதுப்பித்தால், கட்டும் தொகையைப் புதிய செலவாக ஏற்றி, புதுப்பித்த காலத்துக்குப் பிரித்து எழுதுவோம்.