பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்

காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. போகிற வீட்டிலெல்லாம் "தூக்கம் எப்படி?" என்று கேட்பேன். வயசான ஆண்கள் "அதெல்லாம் நல்லா வருது" என்று முடித்துவிடுவார்கள். பெண்கள் "தூக்கமெங்க கண்ணு வருது" என்று ஆரம்பித்தால் மாட்டுக்குத் தீவனம் வைக்க எழுந்தது, பேரன் இருமியது, கால் குடைந்தது எல்லாம் வரும்.

தூக்கமின்மை பெண்களிடம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் முதியவர்களின் மணிக்கட்டில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். குறைவாகத் தூங்குவதாகச் சொன்னவர்கள் பெண்கள். கருவியின் கணக்கிலோ ஆண்களைவிட அவர்களே அதிக நேரம், அதிகம் கலையாமல் தூங்கியிருந்தார்கள். இதைக் கேட்டு "பொம்பளைங்க சும்மா சொல்றாங்க" என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கருவிக்கு அசைவு மட்டும்தான் தெரியும். மகளின் கடனை நினைத்தபடி அசையாமல் படுத்துக் கிடப்பவரையும் அது தூங்குவதாகவே பதியும்.

ஆண்களின் "நல்லா வருது" என்ற பதிலைத்தான் நான் அப்படியே எழுதிக்கொள்வதில்லை. மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். திண்ணையில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினேன். காற்று ஏறி இறங்குவதற்குள் தலை சாய்ந்து குறட்டை விட்டார். இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை. அவரைக் கேட்டால் தூக்கத்தில் ஒரு குறையுமில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவிதான் சொன்னார்: "நடுராத்திரில மூச்சு நின்னு போகுதும்மா. நான் தட்டினாதான் மறுபடி இழுக்கறார்." தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் மாத்திரைக்கும் ரத்த அழுத்தம் அடங்காமல் போகலாம். அவரை மருத்துவரிடம் அனுப்பினோம். அந்த அம்மாவின் இரவு என்ன ஆனது என்று நான் கேட்கும்வரை யாரும் கேட்டிருக்கவில்லை.

ராத்திரி பலமுறை ஒன்னுக்குப் போக எழுகிறவர்களும் உண்டு. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் காரணமாக இருக்கலாம். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொள்வதாலும் நடக்கும். அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்கச் சொல்வேன்.

தூக்கத்தை அளக்க உலகமெங்கும் புழங்கும் பிட்ஸ்பர்க் கேள்வித்தாள் 1989இல் வந்தது. அதில் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்க ஐந்து கேள்விகள் இருக்கின்றன. குறட்டை விடுகிறாரா, மூச்சு நிற்கிறதா, கால் துடிக்கிறதா என்றெல்லாம் கேட்கும். அந்தப் பதில்களுக்கு மதிப்பெண் கிடையாது. எங்கள் ஊர் வீடுகளில் எனக்கு அதிகம் உதவுவது அவைதான்.

அப்புறம், கணவரை இழந்த பெண்கள். மாதவிலக்கு நின்ற பிறகு மூச்சு நிற்கும் இந்தக் கோளாறு பெண்களிடமும் கூடுகிறது. ஆனால் தனியாகப் படுப்பவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை. காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி என்று மட்டும் சொல்வார்கள். வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டில் பேத்தியைக் கேட்டேன். "ஆயா குறட்டை விடும். திடீர்னு சத்தமே வராது, அப்புறம் பலமா இழுக்கும்" என்றாள். அவள் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதி, ஆயாவோடு அவளையும் மருத்துவரிடம் போகச் சொன்னேன்.