வைவாவில் என்னை மடக்கிய மடிப்புக் கோடு

எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டர் ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது கியூபாவின் 'ஆஸ்பால்' போஸ்டர்கள். 1966 ஜனவரியில் ஹவானாவில் நடந்த, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா சேர்ந்த முக்கண்ட மாநாட்டில் முளைத்த தோழமை அமைப்பு அது. வியட்நாம், அங்கோலா, பாலஸ்தீனம் என்று போராடும் மக்களுக்கெல்லாம் தோழமை சொல்லிப் போஸ்டர் போட்டது.

சேலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செல்போனில்தான் பார்த்தேன். சிவப்பு என்றால் கோபம், துப்பாக்கி என்றால் எதிர்ப்பு என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஒரு படத்தைக் காட்டி, "இதில் குறுக்கே கோடு ஓடுதே, என்னம்மா அது?" என்றார்.

"பழைய தாள் சார், கசங்கியிருக்கும்."

சிரித்துவிட்டார். அது மடிப்புக் கோடு. ஆஸ்பாலின் 'டிரைகான்டினென்டல்' பத்திரிகைக்குள் மடித்து வைத்துத்தான் நாடு நாடாக அனுப்பினார்கள். ஒரே வரி ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபி என நாலு மொழியில் இருப்பதும் அதனால்தான். நான் நாலையும் அலங்காரம் என்று எழுதியிருந்தேன்!

பாரிஸில் 1968 மே மாத மாணவர், தொழிலாளர் கிளர்ச்சியின்போது ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்த போஸ்டர்கள் ஏன் பெரும்பாலும் ஒற்றை நிறம் என்றும் கேட்டார். "சிக்கனம்" என்று சமாளித்தேன். அப்புறம் செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் ஒரு மதியம் நின்றபோதுதான் விளங்கியது. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி மேல் மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. தாளைக் கயிற்றில் காயப்போட்டு, காய்ந்த பிறகே அடுத்த நிறம். ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் ஏற வேண்டிய போஸ்டருக்கு அவ்வளவு நேரம் ஏது? இந்தத் தலைப்பை எடுப்பவர்கள், எழுத உட்காருமுன் இப்படி ஒரு கடையைப் பார்த்துவிடுங்கள்.

கடைசிக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. "உங்க ஊர்ச் சுவரில் இதற்கு இணையா எதுவும் இல்லையா?" 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைத் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அந்த நாளை நினைவுகூரும் போஸ்டரை பஸ் ஜன்னல் வழியே எத்தனையோ தடவை பார்த்தவள்தான் நான். வாய் வரவில்லை.

சரி, நீங்களாவது படம் எடுத்து வையுங்கள். காலையிலேயே போங்கள், சாயங்காலத்துக்குள் மேலே சினிமா போஸ்டர் ஏறிவிடும். தேதி, தெரு குறித்துக்கொள்ளுங்கள். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தால், அதையும் சேர்த்து எடுங்கள்.