காணாமல் போன சக்கரத்துக்கு எத்தனை பல்?

பழைய சுவர்க் கடிகாரத்தில் ஒரு பல்சக்கரம் போய்விட்டால், உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு குவார்ட்ஸ் மெஷினைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் கடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே மனசு ஆறாது. காணாமல் போன சக்கரத்துக்கு எத்தனை பல், அது எவ்வளவு பெரியது என்பதை மிச்சம் இருக்கும் சக்கரங்களே சொல்லிவிடும். ஒரு சின்ன லேத்தும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே வெட்டி எடுத்துவிடலாம்.

இப்போது திருநகர் வீட்டின் பின்கட்டில், என் பட்டறை மேசையில் இருப்பது பெரியம்மா வீட்டு ஜங்ஹன்ஸ். ஜெர்மனியில் ஷ்ராம்பெர்க் என்ற ஊரில் 1861இல் தொடங்கிய கம்பெனி, எட்டு முனை நட்சத்திரமும் அதற்குள் ஜே எழுத்தும்தான் அவர்கள் முத்திரை. எப்போதோ ரிப்பேருக்குப் போன இடத்தில் மணி முள்ளைச் சுமக்கிற சக்கரம் தொலைந்திருக்கிறது. பெண்டுலம் ஆடுகிறது, நிமிட முள் ஓடுகிறது, மணிகூட அடிக்கிறது, ஆனால் மணி முள்ளுக்கு உட்கார இடம் இல்லை.

கணக்கு இதுதான். நிமிட முள் 12 சுற்று சுற்றினால் மணி முள் ஒரு சுற்று வர வேண்டும். நிமிட முள்ளோடு சுற்றும் சின்னச் சக்கரத்துக்கு 12 பல், அது தள்ளிவிடும் பக்கத்துச் சக்கரத்துக்கு 36 பல், ஆக வேகம் மூன்றில் ஒன்றாகிறது. அந்தப் பக்கத்துச் சக்கரத்தோடு ஒட்டியிருக்கும் பினியனுக்கு, அதாவது குட்டிப் பல்சக்கரத்துக்கு, 10 பல். இன்னும் நான்கு மடங்கு குறைய வேண்டும் என்றால் தொலைந்ததற்கு 40 பல்தான், வேறு எண்ணே கிடையாது.

அளவுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 12 மில்லிமீட்டர், இரண்டு ஜோடிகளும் அதே இடைவெளியில்தான் ஓட வேண்டும். முதல் ஜோடியில் மொத்தம் 48 பல், அந்த இடைவெளியின் இரட்டிப்பான 24ஐ 48ஆல் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண், 0.5. இரண்டாவது ஜோடியில் 50 பல், அதனால் 0.48. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற பற்கள்தான், ஆனால் 0.5க்கு வெட்டினால் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். 0.48க்குப் பல் கடிக்கிற வட்டம் 19.2 மில்லி, நுனியையும் சேர்த்தால் ஏறத்தாழ 20.5.

கடையில் விற்கிற கியர் கட்டர் இதற்கு ஆகாது. அது மெஷின் கியர்களுக்கான இன்வல்யூட் வளைவு, கடிகாரத்துக்கு வேண்டியது சைக்ளாய்டு. அதனால் ஒற்றைப் பல் கட்டர் ஒன்றை நானே சில்வர் ஸ்டீல் என்கிற கருவி எஃகில் அரம் போட்டு, பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, பிறகு மெதுவாகச் சூடாக்கி வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். கடிவட்டத்தில் பல் இடைவெளி முக்கால் மில்லிதான் என்பதால் எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத்தான்.

சரி, வட்டத்தை 40ஆகப் பிரிப்பது எப்படி? இதற்குப் பழைய உத்தி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மீட்டர் நீள மெல்லிய தகரப் பட்டையில் 25 மில்லிக்கு ஒரு கோடு, சரியாக 40 பாகம். அந்தப் பட்டை சுற்றி வந்து முனையோடு முனை முட்டுகிற அளவுக்கு ஒரு மரவட்டம் வேண்டும், விட்டம் 318 மில்லி சுமார். செல்லூர் பக்கம் மரக்கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் அளவுகோலைத் தொடவே இல்லை. ஒரு சீவல், பட்டையைச் சுற்றிப் பார்ப்பது, மறுபடி ஒரு சீவல். நூல் அளவு இடைவெளி இருந்தபோது, "தம்பி, இனி உளி வேணாம், உப்புத்தாள் போதும்" என்றார், அதேபோல் தேய்த்து முட்ட வைத்தார். இந்த வட்டத்தை லேத் அச்சின் பின்பக்கம் மாட்டி, கோட்டுக்குக் கோடு நிறுத்திப் பல் வெட்ட வேண்டியதுதான். பெரிய வட்டம் என்பதால் விளிம்பில் அரை மில்லி தவறினாலும் பல்லில் அது 0.03 மில்லிதான்.

பித்தளை விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பாத்திரத் தகடு மிருது, வெட்டும்போது இழுத்துக்கொண்டு பிசிறடிக்கும். ஈயம் கொஞ்சம் கலந்த கெட்டித் தகடு கேட்டு வாங்குங்கள், சீவல் பொடிப்பொடியாக உதிரும், பல் விளிம்பு கூர்மையாக நிற்கும். தகடே கிடைக்காத அந்தக் காலத்தில் வார்த்த பித்தளையைச் சுத்தியலால் அடித்து அடித்து இறுக்கித்தான் சக்கரம் செய்தார்கள்.

பல் முடிந்ததும் நடுவே மணி முள் உட்காரும் குழாயைப் பொருத்தி ரிவிட் அடித்தேன். கையால் தள்ளினால் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. பற்களுக்கு எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலும் தேங்காய் எண்ணெய்! எண்ணெயில் தூசி ஒட்டி, அது பித்தளையில் புதைந்து, எதிரில் இருக்கும் எஃகுப் பினியனையே அராவிவிடும். அச்சு முனை உட்காரும் துளைகளுக்கு ஆளுக்கு ஒரு துளி கடிகார எண்ணெய், அவ்வளவுதான்.

அப்புறம் மணி முள். அதைக் குழாயில் அழுத்திச் செருகி, கடிகாரம் எத்தனை அடிக்கிறதோ அந்த எண்ணுக்குக் கையாலேயே திருப்பி வைத்தால் போதும்.