அடுக்குமாடி வீட்டில் ஏஎம் ரேடியோ

ஏஎம்மில் ஒரே இரைச்சலா? ஏரியலை இழுத்துப் பயனில்லை. அது எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும்தான். ஏஎம் அலையைப் பிடிப்பது செட்டுக்குள் கிடக்கும் ஃபெரைட் கம்பி, அதாவது ஒயர் சுற்றிய கறுப்புக் காந்தப்பொருள் தண்டு. அதன் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி மங்கும், பக்கவாட்டு நோக்கினால் எழும். ரேடியோவை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இரைச்சல் வரும் திசைக்கு முனையைக் காட்டுவது அதைவிட நல்ல வழி.

பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் கான்கிரீட் கம்பிகள் அலையை மறைக்கும், ஜன்னலோரம் வையுங்கள். போன் சார்ஜர், எல்இடி விளக்கை அணைத்து பேட்டரியில் ஓட்டுங்கள். டிஜிட்டல் செட் என்றால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் அலைவரிசை நகரும் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ்தானா பாருங்கள். 10ல் இருந்தால் பல நிலையங்கள் சரியாக விழாது.

போதவில்லையா? வெளியே வைக்கும் லூப் ஏரியல் ஒன்று செய்யலாம்: 45 செ.மீ. சதுர மரச்சட்டத்தில் சுமார் 11 சுற்று ஒயர், ஒயரின் இரு முனைக்கும் நடுவே 365 பிகோஃபாரட் வேரியபிள் கண்டென்சர் (திருப்பி அலைவரிசைக்குப் பொருத்தும் பாகம்). ரேடியோவை ஒட்டி வைத்துக் கண்டென்சரைத் திருப்பினால் போதும், செட்டோடு இணைக்கவே வேண்டாம். இருட்டிய பிறகு செய்து பாருங்கள், தூரத்து நிலையங்கள் அப்போதுதான் வரும்.