மணி போகிறது

மே 3, 2025, சனி

சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. போனை மட்டும் அம்மா லொறியில் ஏற்ற விடவில்லை. வயரைச் சுற்றித் துணிப்பையில் போட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை ஓட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இதை எங்கை பிள்ளை கொழுவிறது?"

சுவரில் பழைய சொக்கெட் ஒன்று இருக்கிறது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே வயர் இல்லை.

மே 5, திங்கள்

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், இரண்டுக்கும் நகல். போனும் இன்டர்நெட்டும் ஒரே ஃபைபர் லைனில் வரும். ஒரு கிழமைக்குள் வருவோம் என்றார்கள்.

பழைய எண்ணையே இங்கே தர முடியாதா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, அது செப்புக் கம்பி லைன், இது வேறு, புது எண்தான் வரும் என்றாள். இரண்டாம் தரமும் கேட்டேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

வாக்குப்போடக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். விரலில் மை. பழைய வீட்டுத் தெருவுக்குள் போகாமல் வந்துவிட்டேன்.

மே 8, வியாழன்

கைபேசிக்கு இந்த வீட்டில் சிக்னல் யன்னலோரம் மட்டும்தான். யன்னலைத் திறந்தால் கீழே கடலோர ரயில். ரயில் போய் முடியும்வரை "ஹலோ, ஹலோ" என்று கத்த வேண்டும். இன்று கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். திகதியைச் சொல்லும்போது ரயில். திரும்ப எடுத்தால் யாரும் தூக்கவில்லை.

எனக்குச் சரி, யன்னலோரம் நின்றாவது பேசுவேன். நான் ஒஃபிஸ் போன பிறகு அம்மா என்ன செய்வார்? தொடுதிரையில் அவருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே வெளிச்சம். பழைய போனில் 5இன் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. அதில் நடுவிரலை வைத்துவிட்டால் மற்ற எல்லா எண்ணும் கைக்குத் தானே வரும். யாழ்ப்பாணத்துச் சித்திக்கு 021 போட்டு அடிப்பதற்கு அவருக்குக் கண் வேண்டியதில்லை. இன்று மத்தியானம் வந்து பார்க்கிறேன், எங்கும் கொழுவாத போனை மேசையில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார். பட்டன்களுக்கு இடையில் இருந்த தூசியைப் பஞ்சால் எடுத்தாராம்.

மே 9, வெள்ளி

வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை.

மே 10, சனி

சொல்லிவிட்டேன். எண் மாறும் என்று.

கோபப்படுவார் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு கேட்டார்: "அப்ப அந்த நம்பருக்கு ஆர் எடுப்பினம்?"

அப்பா விண்ணப்பம் போட்டு, ஆண்டுக்கணக்கில் அலைந்து எடுத்த லைன் அது. அப்போது ஆறு இலக்கம். பிறகுதான் எங்கள் எண்ணுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தது, கொழும்பின் 01 என்பதும் 011 ஆனது. அந்த வருடம் முழுக்க அம்மா இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கு அந்த 2 தெரியுமோ, முன்னுக்குப் போட வேண்டும் என்று ஆராவது சொல்லியிருப்பினமோ. அப்பா ஒவ்வொரு தரமும் பொறுமையாகச் சொல்வார்: பழைய எண்ணை அடித்தால் புது எண்ணைச் சொல்லும் குரல் ஒன்று வரும், அவன் கெட்டிக்காரன், விளங்கிக்கொள்வான். அந்தக் குரல் எத்தனை மாதத்துக்கு இருந்தது என்று அம்மா கேட்டதற்கு மட்டும் அப்பாவிடம் பதில் இருக்கவில்லை.

இன்று நான் அப்பா சொன்னதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே 12, திங்கள்

வெசாக். நாளையும் விடுமுறை. யாரும் வரமாட்டார்கள். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் காலி வீதி முழுக்கக் கூடுகளின் வெளிச்சம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நிறங்கள் தெரிகிறது என்றார்.

மே 14, புதன்

வந்தார்கள். ஆனால் வேலை முடியவில்லை. கீழிருந்து வயர் ஏறும் குழாய் மூன்றாம் மாடியில் அடைத்திருக்கிறது, சீமெந்து விழுந்திருக்க வேண்டும். வெளிச்சுவரால் கொண்டுவரலாம், அதற்குத் தொடர்மாடிக் கொமிட்டியின் கடிதம் வேண்டுமாம். கொமிட்டிச் செயலாளர் வெளியூரில். அவருடைய மனைவியிடம் நின்று கெஞ்சி, அவரை எடுக்க வைத்து, அனுமதி வாங்கிவிட்டேன். கடிதம் நாளைக் காலை.

கெஞ்சியதில் எனக்கு வெட்கமில்லை.

மே 15, வியாழன், இரவு

நித்திரை வரவில்லை.

நேற்று வந்த தம்பியிடம் ஒன்று கேட்டேன், அதிலிருந்து இதே யோசனை. பழைய லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. 48 வோல்ட், அங்கே பெரிய பட்டரிகள். அதனால்தான் வீட்டில் கரண்ட் போனாலும் போன் போகாது. 2022இல் 13 மணிநேரம் வெட்டினார்களே, அந்த இருட்டிலும் அம்மா சித்தியோடு கதைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பெப்ரவரியில் பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கால் நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிறும் அப்படித்தான். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். அதில் கரண்ட் வராது. வீட்டில் வைக்கும் பெட்டிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். கரண்ட் போனால் பெட்டி அணையும், போனும் செத்துவிடும்.

நான் ஒஃபிஸில். கரண்ட் இல்லை. லிஃப்டும் இல்லை. அம்மா விழுகிறார். பட்டன் எல்லாம் தெரிந்த அந்த விரல்களால் யாரையும் எடுக்க முடியாது.

ரவுட்டருக்குப் போடும் மினி யூபிஎஸ் என்று ஒன்று விற்கிறார்களாம், சில மணிநேரம் தாங்கும். 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்கச் சொன்னான். நாளைக்கே வாங்கவேண்டும். மறக்கக்கூடாது.

மே 16, வெள்ளி

லைன் வந்துவிட்டது!

அதே தம்பிதான். சுவரில் துளையிட்டுக் கறுப்பு வயரை உள்ளே இழுத்தான். தோலை உரிக்க உரிக்க உள்ளே இன்னொன்று, கடைசியில் தலைமுடி போல ஒரு கண்ணாடி இழை. அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு கருவியில் வைத்து நுனியை வெட்டினான். வெட்டிய துண்டு கண்ணுக்கே தெரியவில்லை. அதைத் தேடி ஒட்டும் டேப்பில் எடுத்துக்கொண்டான், காலில் குத்தினால் எடுக்க முடியாதாம், "அம்மே வெறுங்காலோட இருக்கிறாங்க அக்கே" என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னான். பிறகு ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு இழையையும் எதிரெதிரே வைத்து மூடினான். திரையில் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன, மெதுவாகக் கிட்ட வந்தன, ஒரு பளிச். ஒன்றாகிவிட்டன. ஒட்டிய இடம் எங்கே என்று தேடினேன், காணவில்லை. மீட்டரில் மைனஸ் 19 காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால்தான் பயப்பட வேண்டும், இது நல்லது என்றான்.

வளைக்க வேண்டாம், மடித்தால் வெளிச்சம் வெளியே போய்விடும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனான்.

அம்மாவின் பழைய போனையே பெட்டியின் பின்னால் கொழுவினான். அம்மா தூக்கிக் காதில் வைத்தார். டயல் சத்தம் கேட்டது எனக்கும்.

யூபிஎஸ் வாங்கிவிட்டேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். பெட்டியின் பச்சை லைட் அணையவில்லை.

மே 17, சனி

காலையிலிருந்து அம்மா எல்லோருக்கும் புது எண்ணைச் சொல்கிறார். சித்தி, கனடாவில் பெரியக்கா, பழைய வீட்டுப் பக்கத்து வீட்டார். ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒரே வசனம்: "ஆராவது கேட்டால் குடுங்கோ."

மே 18, ஞாயிறு

கஞ்சி காய்ச்சினேன்.

மே 19, திங்கள்

வேலையால் வர இருட்டிவிட்டது. அம்மா லைட் போடாமல் போனடியில் இருந்தார்.

"மணி போகுது" என்றார்.

பழைய எண்ணை அடித்திருக்கிறார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். போகிறது. இன்னும் துண்டிக்கவில்லை, இந்த மாதக் கட்டணம் கட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் போன் இல்லை, வெறும் சொக்கெட் மட்டும். ஆனால் அடிக்கிறவருக்கு அது தெரியாது. மணி போகும். வீட்டில் ஆட்கள் இருந்தும் எடுக்கவில்லை என்றுதான் நினைப்பார்.

"எடுக்கேல்லை எண்டெல்லோ நினைப்பான்" என்றார் அம்மாவும்.

மே 20, செவ்வாய்

கவுன்டருக்குத் திரும்பப் போனேன். வேறு பிள்ளை. பழைய லைனை வெட்டாமல் மாத வாடகை கட்டிக்கொண்டு, வரும் அழைப்புகளைப் புது எண்ணுக்குத் திருப்பி விடலாமாம். முதல் கிழமையே யாரும் இதைச் சொல்லவில்லை. அந்த லைனிலேயே ஒரு போனைக் கொழுவி நாங்கள் அடித்துத்தான் திருப்ப வேண்டும். எப்படி என்று எழுதித் தந்தாள்.

வீட்டுக்காரருக்கு எடுத்தேன். வியாழக்கிழமை பெயின்ட் அடிக்க ஆள் வருகிறதாம், சொக்கெட்டையும் கழற்றிவிடுவார்களாம். நாளைப் பத்து மணிக்கு வந்தால் சாவி தருவார்.

ஒஃபிஸுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

மே 21, புதன்

போனைக் கழற்றித் துணிப்பையில் வைத்தேன். நீங்கள் நில்லுங்கோ, நான் போய்விட்டு வருகிறேன் என்றால் கேட்கிறா இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு லிஃப்டடியில் நிற்கிறார். ஓட்டோ கீழே